உங்களுக்குத் தெரியுமா? தோல் சோஃபா முழுவதும் தோலாக இருப்பதில்லை

மாட்டுத்தோல் பல மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. சோஃபா உறைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் போதும் என்பதால், தொழிற்சாலையில் அதை அடுக்குகளாகப் பிளக்கிறார்கள். முடி முளைத்திருந்த மேலடுக்கில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். அடியடுக்குதான் 'ஸ்ப்ளிட்'. அதன்மேல் பூச்சு கொடுத்து, தோல் வரிகளை அச்சில் பதித்துவிடுவார்கள். உட்காரும் இடத்துக்கு அது வேண்டாம்.

'பாண்டட் லெதர்' என்பதை அறவே தவிர்க்கச் சொல்வேன். தோல் கழிவை அரைத்துப் பசையுடன் கலந்து துணியில் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் பூசிய பொருள் அது. சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்தால் சீராக்குவது மிகக் கடினம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்குபவர்களிடம் இதைத் தோல் என்று சொல்லி விற்பது அநியாயம்.

மேலடுக்குத் தோலிலும் இரண்டு வகை முக்கியம். சாயம் மட்டும் ஏற்றிய 'அனிலின்' தொடுவதற்கு அருமை. ஆனால் தலையெண்ணெயும் காபியும் உடனே உள்ளே இறங்கிக் கறையாகும், வெயில் பட்டால் சீக்கிரம் வெளிறும். நிறமிப் பூச்சுள்ள தோலில் சிந்தியதைத் துடைத்துவிடலாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதுவே சரி. கடைக்காரர் அனுமதித்தால் மறைவான ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கருத்தால் அனிலின். முத்தாக நின்றால் பூச்சுள்ளது.

பக்கங்களையும் முதுகுப்புறத்தையும் தடவிப் பாருங்கள். இருக்கைக்கு மட்டும் தோலும் மற்ற இடங்களில் அதே நிற வினைலும் போட்ட சோஃபாக்கள் ஏராளம். பில்லில் எந்தப் பகுதி எது என்று எழுதி வாங்குங்கள்.