ஓடாமலே தேயும் டயர்

என் கார் 2018-இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் லாரித் தொழில் செய்யும் நாமக்கல் மாமா சிரிப்பார். ஆனாலும் எடை சுமார் 870 கிலோதான். ஜப்பானில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்ற பெயரில் விற்ற வண்டியே 970 கிலோ. அதை இந்தியாவில் விற்கவில்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு, என் வண்டியும் தன்னை ஸ்போர்ட்ஸ் கார் என்றே நினைத்துக்கொள்ளும். அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

ஏழு வருடத்தில் 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான்கு டயரிலும் பட்டன் (ட்ரெட்) ஆழம் 3 மில்லிமீட்டர் மிச்சம். புதிதில் 8 இருந்திருக்கும். 5 மில்லிமீட்டருக்கு 38,000 என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 7,600 கிலோமீட்டர். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆக இன்னும் 1.4 மில்லிமீட்டர், 10,600 கிலோமீட்டர், என் ஓட்டத்துக்கு இரண்டு வருடம். இதை மாமா வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மனக்கணக்காகவே சொல்லிவிட்டார். “மாப்ளே, இன்னும் ரெண்டு வருசம் தாராளமா போகுமுங்க. எதுக்கு மாத்தறீங்க?”

நான் டயரின் பக்கவாட்டைக் காட்டினேன். விளிம்பை ஒட்டி வெடிப்புகள், சித்திரை மாதத்து ஏரி வண்டலைப் போல.

மாமா தப்பாகச் சொல்லவில்லை. அவர் போட்டது லாரிக் கணக்கு. லாரிக்காரரின் நோட்டில் டயருக்கு ஒரே அலகு, கிலோமீட்டர். மாதிரிக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம் (இனி வரும் விலைகளும் ஓட்டங்களும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் கடையில் வேறாக இருக்கும்). ஒரு லாரி டயர் 22,000 ரூபாய், முதல் ஓட்டம் 80,000 கிலோமீட்டர். கேசிங், அதாவது டயரின் உடல், நன்றாக இருந்தால் ரீட்ரெட் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 6,000 ரூபாய், ஒவ்வொன்றிலும் 50,000 கிலோமீட்டர். மொத்தம் 34,000 ரூபாய்க்கு 1,80,000 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 18.9 பைசா. ரீட்ரெட்டே செய்யாமல் தூக்கிப் போட்டால் 27.5 பைசா. பத்துச் சக்கர வண்டிக்கு இந்த வித்தியாசம் கிலோமீட்டருக்கு 86 பைசா. லட்சம் கிலோமீட்டரில் 86,000 ரூபாய். நாமக்கல், சங்ககிரி, சேலம் வட்டாரத்தில் ரீட்ரெட் பட்டறைகள் ஏன் இத்தனை என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1952-இல் அது இறங்கியது ட்ரெட் ரப்பர் தொழிலில், முழு டயருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இந்த நாட்டில் தேய்ந்த டயருக்கு மறுபிறவி கொடுக்கும் வியாபாரம் அத்தனை பெரியது.

இந்த அலகை என் வண்டிக்கு அப்படியே மாற்றினால் என்ன ஆகும்? என் சைஸ் 185/65 ஆர்15. கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். கெட்டி ரப்பர், நீண்ட ஓட்டம் ஒன்று. மிருதுவான ரப்பர், நல்ல பிடிப்பு, குறைந்த ஓட்டம் இன்னொன்று. கெட்டி டயரின் வரிக்கு முந்தைய விலை 4,000, மிருது டயர் 5,600 என்று வைத்துக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. எனவே கெட்டி 4,720, மிருது 6,608. பழைய வரி என்றால் மிருது 7,168 ஆகியிருக்கும். நான்கு டயருக்கு 2,240 ரூபாய் மிச்சம். இந்தக் கட்டுரையில் சுலபமாகக் கிடைத்த மிச்சம் இது ஒன்றுதான்.

கெட்டி டயர் 60,000 கிலோமீட்டர் தரும் என்றால் கிலோமீட்டருக்கு 7.9 பைசா. மிருது 35,000 என்றால் 18.9 பைசா. அதாவது ரீட்ரெட்டோடு சேர்த்து மாமாவின் லாரி டயருக்கு ஆகும் அதே காசு! பதினாறு டன், இருபது டன் இழுக்கிற டயருக்கு ஆகும் செலவை, மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் வாங்கப் போகிற வண்டிக்கு எவனாவது கொடுப்பானா? மாமாவின் கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் நான் வருடத்துக்கு ஓட்டுவது 5,000 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகத்தில் கெட்டி டயர் 60,000-ஐத் தொட 12 வருடம் ஆகும். ரப்பர் அதுவரை காத்திருக்காது. வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் ஆக்ஸிஜனும் அதை இறுக்கி வெடிக்க வைக்கும். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 6 முதல் 10 வருடம். சேலத்து வெயிலில், மரநிழல்கூட இல்லாத வாசலில் நிற்கும் வண்டிக்கு நான் கீழ் எல்லையையே எடுத்துக்கொள்கிறேன். ஆக ஆயுள் 6 வருடம், ஓட்டம் 30,000 கிலோமீட்டர். அதற்கு மேல் கெட்டி டயரில் மிச்சமிருக்கும் 30,000 கிலோமீட்டரை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், ஓட்டப்போவதில்லை. மிருது டயரில் வீணாவது 5,000 மட்டுமே.

இப்போது அலகு மாறுகிறது. கெட்டி டயர் வருடத்துக்கு 787 ரூபாய். மிருது 1,101. வித்தியாசம் 314 சொச்சம், நான்கு டயருக்கு வருடம் 1,259. பைசாவில் இரண்டு மடங்குக்கு மேல் தெரிந்த இடைவெளி, வருடத்தில் 40 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

இங்கேயே பேனாவை மூடியிருந்தால் என் பக்கம் பலமாக இருந்திருக்கும். ஆனால் மிருதுவான ரப்பர் உருளும்போது கூடுதலாகச் சக்தியைத் தின்னும். உருளல் தடைக் குணகம் கெட்டிக்கு 0.009, மிருதுவுக்கு 0.011 என்று கொள்வோம். என்னையும் சேர்த்து வண்டி 940 கிலோ. வித்தியாசம் 18.4 நியூட்டன் இழுவை, கிலோமீட்டருக்கு 18.4 கிலோஜூல். இன்ஜின் பெட்ரோலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது என்றால் 74 கிலோஜூல் எரிய வேண்டும். ஒரு லிட்டரில் சுமார் 32,000 கிலோஜூல். 5,000 கிலோமீட்டருக்கு 11.5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று முழுதாக்கினால் வருடம் 1,150 ரூபாய். டயர் விலையில் கூடிய தொகைக்கு ஏறக்குறைய சமமான இன்னொரு தொகை பெட்ரோல் பங்க்கில் சத்தமில்லாமல் போகிறது. கடைக்காரர் இதை பில்லில் போடமாட்டார். இதே வித்தியாசத்தை 1,400 கிலோ எஸ்.யு.வி.க்குப் போட்டால் 17 லிட்டர் வரும். எடை குறைந்த வண்டிக்காரன் ஆசைக்குக் கட்டும் வரியும் குறைவு.

என் நோட்டுப் பக்கம் இப்படி இருக்கிறது:

மிருது டயரின் கூடுதல் விலை, வருடத்துக்கு – 1,259
கூடுதல் பெட்ரோல் – 1,150
மொத்தம் – 2,409
மாதத்துக்கு – 201

இந்த 201 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? மழை நனைத்த சாலையில் கெட்டி டயரின் உராய்வு 0.6, மிருது டயரின் உராய்வு 0.7 என்று வைத்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் முதலாவது 23.6 மீட்டரில் நிற்கும், இரண்டாவது 20.2 மீட்டரில். வித்தியாசம் 3.4 மீட்டர், ஸ்விஃப்டின் நீளம் 3.84. அற்பமாகத் தெரியும். ஆனால் மிருது டயர் வண்டி அசையாமல் நின்ற அதே இடத்தில், கெட்டி டயர் வண்டி இன்னும் 23 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். குப்பனூர் மலைச்சாலையில் வளைவு திரும்பியதும் நடுரோட்டில் மாடு படுத்திருக்கும் இடங்கள் எனக்குத் தெரியும். 201 ரூபாயை நான் அந்த மாட்டின் பெயரில் எழுதிக்கொள்கிறேன்.

அடுத்து சைஸ். இதில்தான் இளவட்டங்கள் காசை விடுகிறார்கள். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர். ஸ்விஃப்டின் கீழ் மாடல்களுக்குக் கம்பெனியே போடும் 165/80 ஆர்14-இன் விட்டம் 619.6. இரண்டுக்கும் 2 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, யோசித்துப் போட்டிருக்கிறார்கள். “ரோட்டோட ஒட்டி நிக்கும்ணா” என்று ஒரு தம்பி 195/55 ஆர்15 போடச் சொன்னார். அதன் விட்டம் 595.5, அதாவது 4.2 சதவீதம் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு 512 சுற்றுக்குப் பதில் 535 சுற்று. மீட்டர் 40,000 காட்டும்போது வண்டி உண்மையில் ஓடியது 38,330 கிலோமீட்டர்தான். விற்கும்போது ஓடாத 1,670 கிலோமீட்டருக்கும் சேர்த்து விலை குறையும். அடிப்பகுதி 163 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 150-க்கு இறங்கும். எங்கள் ஊர் வேகத்தடைகளை அறிந்தவர்களுக்கு அந்த 13 மில்லிமீட்டரின் அருமை தெரியும்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பதும் பாதிதான் உண்மை. என் வண்டியின் முன்பக்கத்தில் எடையில் சுமார் 60 சதவீதம் என்றால், ஒரு முன் சக்கரத்தின் மேல் 282 கிலோ. காற்று 30 பிஎஸ்ஐ, சதுர சென்டிமீட்டருக்கு 2.11 கிலோ. ஆக ரோட்டைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 134 சதுர சென்டிமீட்டர், ஒரு பெரிய உள்ளங்கையளவு. அகல டயர் போட்டாலும் எடையும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும்: அகலம் கூடி நீளம் குறையும். திருப்பத்தில் ஓரளவு நன்மை உண்டு. தண்ணீர் தேங்கிய ரோட்டிலோ அகலமான குட்டைப் பரப்பு சீக்கிரம் மிதக்கும், வண்டி லேசாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பழைய மாஸ்டா மியாட்டா 940 கிலோ வண்டி. உலகமே கொண்டாடிய அந்த ஸ்போர்ட்ஸ் காருக்குக் கம்பெனி போட்டுவிட்டது 185/60 ஆர்14. அதே 185 அகலம்தான் என்னிடமும் இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு ஆசையில்லை.

‘லோடு தாங்கும்’ என்ற வாக்குக்கும் நான் மயங்கவில்லை. டயரில் பாரக் குறியீட்டெண் 88 என்று எழுதியிருந்தால் ஒன்றுக்கு 560 கிலோ, நான்குக்கு 2,240. ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் என் வண்டி 1,270 கிலோ. 57 சதவீதம். இதற்கு மேல் 92 எண் டயர் வாங்கினால் முதுகெலும்புதான் அதிரும். லாரிக்காரருக்கு அந்த எண் உயிர், எனக்கு வெறும் எண்.

காற்றைப் பற்றி ஒரு வேடிக்கை. சேலத்தில் 38 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ வைத்து, 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குப் போனால், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும், அதனால் டயர் காற்று கூடினதாகக் காட்டும். அங்கே 28 டிகிரி குளிர்ச்சி 1.4 பிஎஸ்ஐ-யைக் குறைக்கும். கூட்டிக் கழித்தால் அரை பிஎஸ்ஐதான் மாற்றம். மலைக்குப் போகும்போது காற்றைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையை நான் கேட்பதை விட்டு நாளாயிற்று.

கடைசியில் பேரம். கடைக்காரர் ஒரு ஜோடி டயரை எடுத்து வைத்து, ஒன்றுக்கு 400 ரூபாய் தள்ளுபடி என்றார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடினேன்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தயாராகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வருடம் 1,101 ரூபாய் வீதம் 2,203 ரூபாய் ஆயுள் ஏற்கெனவே கரைந்த பொருளுக்கு 400 தள்ளுபடி. குடோனில் இருட்டில் கிடந்தது மெதுவாகத்தான் மூத்திருக்கும், பாதியாகவே வைத்தாலும் 1,100 போயிருக்கும். மாமாவோ அதே டயரை லாரிக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பார். ஒரே வருடத்தில் தேய்த்து முடிக்கிறவருக்கு தேதி எதற்கு? வருடம் 20,000 ஓட்டும் டாக்ஸிக்காரருக்கும் என் கணக்கு செல்லாது. அவருக்குக் கெட்டி டயர் மூன்று வருடம், மிருது ஒன்றே முக்கால். டயரில் 8,811-ம் பெட்ரோலில் 4,600-ம் சேர்ந்து வருடம் 13,400 ரூபாய் நஷ்டம். அவர் மாமா பேச்சைக் கேட்பதே நல்லது.

புதுத் தேதி டயர் நான்கு மாட்டி, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் முடித்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். மாமா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டி எடுத்தார். 2018-இல் வந்தது, தரையைத் தொட்டதே இல்லை. பட்டன்மேல் இருக்கும் மெல்லிய ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. “இது அப்படியே புதுசுங்க மாப்ளே, ஜீரோ கிலோமீட்டர்” என்றார்.

நோட்டில் அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தேன். ஓடிய கிலோமீட்டர் 0, மிச்ச ஆயுள் 0. காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டெப்னியைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் பட்டறை வண்டியை நோக்கி நடந்தார். “உங்க கணக்குல செத்துப்போச்சுன்னா, எங்கிட்டயே இருக்கட்டும்.”