பேய்ச் சூடு: ஆறு பீரங்கி இருந்தும் ஏன் சேர்த்துச் சுட முடியல?

அக்னி நட்சத்திர வெயில்ல, விழுப்புரத்து ஹாஸ்டல் ரூம்ல, லேப்டாப்பை மெத்தை மேல வச்சு கேம் ஆடியிருக்கீங்களா? முதல் பத்து நிமிஷம் சூப்பரா ஓடும். அப்புறம் உள்ளே ஃபேன் கத்த ஆரம்பிக்கும், திடீர்னு ஃப்ரேம் பாதியா விழும். லேப்டாப் கெட்டுப்போகல. தன்னைக் காப்பாத்திக்க, புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைக்குது, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லையையே ஆட்டத்தின் உயிர்நாடியாக வைத்த ஒரு கேம் இருக்கு. 1984-ல் அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு போர்டு கேம் வெளியிட்டது. அடுத்த வருஷமே அது 'பேட்டில்டெக்' ஆனது. ராட்சத ரோபோக்களை, அதாவது 'மெக்'குகளை, மோதவிடும் ஆட்டம். 'மெக்வாரியர்' வரிசை வீடியோ கேம்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

போர்டு கேமின் கணக்கைப் பாருங்க. மீடியம் லேசர்: 1 டன் எடை, 5 சேதம், 3 சூடு. துகள் பீரங்கி: 7 டன், 10 சேதம், 10 சூடு. அப்போ ரெண்டு லேசர் போட்டாலே 2 டன்னில், 6 சூட்டில், அதே 10 சேதம் கிடைக்குதே, பீரங்கி எதுக்கு? தூரத்துக்கு. லேசர் 9 கட்டம்தான் எட்டும், பீரங்கி 18 கட்டம். காஸ் ரைஃபிள் வேற ரகம்: 15 சேதம், வெறும் 1 சூடு. ஆனா எடை 15 டன், குண்டும் சுமக்கணும். எடை, தூரம், சூடு, குண்டு என ஒன்றில் லாபம் பார்த்தால் இன்னொன்றில் விலை கொடுக்கணும். ஆயுதச் சமநிலை என்பது இதுதான்.

மெக்கில் சாதாரண ஹீட் சிங்க் 10 இருக்குன்னு வைங்க. ஒரு சுற்றில் 10 சூட்டை வெளியேற்றும். நின்ற இடத்திலேயே மூணு பீரங்கி சுட்டா 30 சூடு, 10 போக மிச்சம் 20. இப்போ நடை தளரும், குறி தவறும், பகடை சரியா விழலைன்னா மெக் அணைஞ்சே போகும், உள்ளே இருக்கும் குண்டுகளும் வெடிக்கலாம். மிச்சம் 30-ஐத் தொட்டால் பகடைக்கே வேலை இல்லை, நேரா ஷட் டவுன்.

இந்தக் கணக்கு வீடியோ கேமுக்கு வந்ததும் ஒரு ஓட்டை தெரிஞ்சுது. போர்டில் அடி கையில் படுதா, காலில் படுதா என்பதைப் பகடை முடிவு செய்யும், சேதம் சிதறும். கணினியில் மவுஸ் காட்டும் இடத்திலேயே அத்தனையும் விழும். 'மெக்வாரியர் ஆன்லைன்' கேமில் ஸ்டாக்கர் மெக்கில் ஆறு துகள் பீரங்கி மாட்டி, ஒரே கிளிக்கில் எதிரியின் நெஞ்சில் இறக்குவது பெரிய தலைவலியானது. உருவாக்கிய பிரானா கேம்ஸ் 2013 ஜூலையில் புது விதி கொண்டுவந்தது: ஒரே வகை ஆயுதத்தை அரை நொடிக்குள் வரம்புக்கு மேல் சேர்த்துச் சுட்டால், வழக்கமான சூட்டுக்கு மேலே அபராதச் சூடு. பீரங்கிக்கு வரம்பு 2. இடைவெளி விட்டு ரெண்டு ரெண்டா சுட்டால் அபராதம் இல்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டை நினைச்சுக்கோங்க. திண்டிவனம் பக்கமிருந்து ஆறு பஸ் இடைவெளி விட்டு வந்தா நிக்காம போகும். ஆறும் ஒண்ணா வந்தா எல்லாருக்கும் லேட். பஸ் எண்ணிக்கை அதேதான், ஒண்ணா வந்ததுக்குத்தான் தண்டனை.

விதியின் நோக்கம் சரி. ஆனா ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பேய்ச் சூடு'. ஆயுதத்தின் விவரத்தில் போட்டிருக்கும் சூடு ஒண்ணு, மீட்டரில் ஏறுவது இன்னொண்ணு. புதுசா வந்தவனுக்கு ஏன் அணைஞ்சோம்னே புரியாது. தோத்ததை விட, ஏன் தோத்தோம்னு தெரியாததுதான் ஆளை வெறுப்பேத்தும்.

நிஜச் சூட்டில் பேய் கிடையாது. புராசஸர் 95 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால், 30 டிகிரி அறையில் வித்தியாசம் 65. மே மாசத்து 40 டிகிரியில் 55. சூடு வெளியேறும் வேகம் தோராயமா இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், சுமார் 15 சதவீதம் குறையும். நியூட்டனின் குளிர்தல் விதியை எக்ஸாமுக்குப் படிச்சோமே, அதேதான். மெக்வாரியர் ஆன்லைனிலும் எரிமலை மேப்பில் மெக் மெதுவாகத்தான் ஆறும், பனி மேப்பில் சீக்கிரம் ஆறும். இதை யாரும் அநியாயம்னு சொல்றதில்லை, ஏன்னா காரணம் கண்ணுக்குத் தெரியுது.

நம்மில் பலர் ப்ராஜெக்டுக்கு கேம் பண்றோம். ஒரு ஆயுதம் ரொம்ப ஓங்கினால், சேதத்தைக் குறைக்கும் முன் அதன் எடை, தூரம், சூடு மூன்றையும் அலசுங்க. அப்படியும் அபராதம் வேணும்னா, ட்ரிக்கரை அழுத்தும் முன்னாடியே அது திரையில் தெரியட்டும்.

அப்புறம், லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேஜை மேல வைங்க. காத்து போக வழி விடுங்க.