உப்புத் தண்ணி வேறு, கெட்ட தண்ணி வேறு

ஆரணியில் தண்ணீரின் குணம் முதலில் தெரிவது பட்டு வேக வைக்கும் இடத்தில்தான். கச்சாப் பட்டு நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செரிசின் என்ற பசை. அதைப் போக்க, சவுக்காரமும் சோடா உப்பும் கரைத்த கொதிநீரில் நூலை வேக விடுவார்கள். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருந்தால் சவுக்காரம் நுரைக்காது. திரிந்து வெள்ளைப் பிசுக்காக நூலில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

சாயம் போடுகிறவர் சொல்லும் இந்தக் 'கடினத் தண்ணீர்' குடிப்பதற்குப் பெரிய ஆபத்து இல்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது; வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 600 வரை விடலாம். பருப்பு வேகத் தாமதமாகும், பாத்திரத்தில் வெள்ளை படியும், நாக்குக்குப் பிடிக்காது. அவ்வளவுதான். நாக்குக்குப் பிடித்த தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில்தான் வீடு தேடி வரும் சுத்திகரிப்புக் கருவி விற்பனையாளர் டி.டி.எஸ். மீட்டரை எடுக்கிறார். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவை அந்தக் கருவி கணக்கிடும். கிருமி அதில் தெரியாது. எந்த உப்பு என்றும் தெரியாது. 150 காட்டும் தண்ணீரில் மலக்கிருமி இருக்கலாம். 900 காட்டும் கிணற்று நீர் கேடில்லாமலும் இருக்கலாம். இன்னொரு வித்தையும் உண்டு: இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும், அவருடைய தண்ணீர் தெளிவாகவே நிற்கும். கலங்கியது அழுக்கு அல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. உப்பு நீங்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, ஆகவே கம்பியும் கரையாது. இப்படி அச்சுறுத்தி விற்கப்பட்ட, உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவிகள் எத்தனையோ. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உப்பு குறைவான இடத்தில் அந்தக் கருவி வீணாக்கும் தண்ணீர்தான் மிச்சம்.

முதலில் பார்க்க வேண்டியது கிருமி. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை இந்தியாவில் பிறந்தது: 1982-இல் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர் வெளியிட்ட எச்.டூ.எஸ். முறை. உள்ளே மருந்து தடவிய தாள் வைத்த சிறு புட்டியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். மலம் கலந்த தண்ணீரில் வளரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அது தாளில் உள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீரை மை போலக் கறுப்பாக்கும். கறுத்தால் மலம் கலந்தது உறுதி என்று சொல்ல முடியாது, ஆனால் ஆய்வகத்துக்குப் போக அது போதும்.

நகராட்சிக் குழாய் என்றால் எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும் குளோரோஸ்கோப் சோதனை ஒரு நிமிட வேலை. குளோரின் வாசனை அடிக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த வாசனை வந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருப்பேன்.

சுவையே இல்லாத இரண்டு எதிரிகள் ஃபுளோரைடும் நைட்ரேட்டும். கடினப் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பாறையிலிருந்து ஃபுளோரைடை வாங்கி வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லில் கறை. அளவு அதிகமானால் காலப்போக்கில் எலும்பும் இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகவே. நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவுநீர்க் குழியிலிருந்தும் இறங்கும். 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, தளர்வும் கிடையாது. அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கலாம். இந்த இரண்டையும் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கி இன்னும் செறிவாகும்.

சாயத்துக்கும் வருவோம். பருத்திச் சாயத்துக்கு மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். நொய்யல் ஆறு அதனால் கெட்டதால்தான் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பட்டுக்கு அவ்வளவு உப்பு தேவையில்லை, அமிலச் சாயம்தான் வழக்கம். ஆனால் சில சாயங்களில் குரோமியமும் செம்பும் உண்டு. ஆரணியில் கமண்டல நாகநதிக் கரையிலோ பட்டறைக்குப் பக்கத்திலோ கிணறு உள்ளவர்கள் வழக்கமான சோதனையோடு இந்த உலோகங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள். தண்ணீர் நிறம் மாறட்டும் என்று காத்திருப்பது தாமதம்.

எங்கே கொடுப்பது? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஆரணிப் பக்கத்துத் தேவிகாபுரம், சேவூர் போன்ற ஊர்களில் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான கேனை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிப் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டிதான் வேண்டும். அதை அலசக் கூடாது, குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே இருக்கும். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும்.

முடிவில் ஈ.கோலை என்று வந்தால், அன்று முதல் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டு, குழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மேல்தொட்டியைக் கழுவி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். ஃபுளோரைடு என்று வந்தால் தண்ணீர் எடுக்கும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஆர்.ஓ. அங்கேதான் உண்மையில் உதவும். கிருமிச் சோதனையை மழைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும், ரசாயனத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும்.