வீட்டுச் சாவி யார் கையில்?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் பலர் முதல் அதிர்ச்சியைச் சந்திக்கும் இடம் வங்கி. அதுவரை அம்மாவின் கையெழுத்தில் நடந்த கணக்கு நின்றுபோகும். "மேஜர் ஆயிட்டாரே, கார்டியன் சான்றிதழ் கொண்டு வாங்க" என்பார் கவுண்ட்டரில் இருப்பவர். பெற்ற தாயிடமே சான்றா என்று கோபம் வருவது இயல்புதான். ஆனால் அவர் கேட்பதில் தவறில்லை. 18 வயதுக்குப் பிறகு பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. நம் கண்ணுக்குக் குழந்தையாகவே தெரிகிறவர், சட்டத்தின் கண்ணில் வயதுவந்த குடிமகன்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். எல்லாப் பெற்றோரையும் தூங்கவிடாமல் செய்யும் கேள்வி அது: நமக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? இன்று அதற்குப் பதிலாக "ஆதரவுடன் கூடிய சுதந்திர வாழ்க்கை" என்று குடியிருப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன. சில இடங்களில் லட்சக்கணக்கில் முன்பணம், அதற்கு மேல் மாதக் கட்டணம். இவற்றில் உண்மையிலேயே நல்லவை உண்டு. பழைய விடுதிக்கே புதுப் பெயர் வைத்தவையும் உண்டு. கவலையின் அவசரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் வழியில் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 5-ஆம் பிரிவில் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்தும் நிலை கூடாது என்றும், வீட்டுக்கே வரும் உதவி, தனி உதவியாளர் போன்ற வசதிகள் கிடைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்னும் தெளிவானது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு, சென்னையின் பான்யன் அமைப்பு 2015-இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தைத்தான் காட்டுவேன். மனநோயோடு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலும் காப்பகத்திலும் கிடந்தவர்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். கூட ஓர் உதவியாளர். என்ன சமைப்பது, கடைக்கு யார் போவது, வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் அந்த வீட்டில் இருப்பவர்கள் பேசி முடிவெடுக்கிற விஷயம். தமிழ்நாட்டைத் தாண்டிக் கேரளம், மகாராஷ்டிரம் வரை இது பரவியிருக்கிறது. பெரிய வளாகமோ உயர்ந்த மதிலோ இதற்குத் தேவைப்படவில்லை.

ஆகவே ஓர் இடத்தைப் பார்க்கப் போனால் வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பின்பக்கம் போய்க் கொடியில் காயும் துணியைப் பாருங்கள். துணியில் எண் எழுதியிருக்கிறதா, யாருடையதை யார் வேண்டுமானாலும் உடுத்துகிறார்களா? குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? ராத்திரிச் சாப்பாடு ஊழியர்களின் ஷிப்டுக்குத் தோதாகச் சாயங்காலம் ஐந்தரைக்கே முடிந்துவிடுகிறதா? இருப்பவர்களின் ஆதார், ஏ.டி.எம். அட்டை, செல்போன் எல்லாம் யார் அலமாரியில் இருக்கின்றன? வாசல் சாவி யாரிடம்? "பாதுகாப்புக்காகத்தான் பூட்டுறோம்" என்று சொன்னால், தீப்பிடித்தால் யார் திறப்பார்கள், இரவில் எத்தனை ஊழியர்கள் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் குடும்பத்தார்தான்.

காகிதங்களுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவானாலும் 2016 சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். மனநல நிலையம் என்றால் அதற்குரிய சட்டத்தின் கீழ் பதிவு. சான்றிதழின் நகலையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும், கட்டணம் எந்தக் கணக்கில் உயரும், பெற்றோர் இறந்தபின் பாக்கி விழுந்தால் என்ன செய்வார்கள், முன்னறிவிப்பில்லாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கவனிப்பவரும் பணத்தை வைத்திருப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. சொத்தை அந்தக் குடியிருப்பின் பெயருக்கே எழுதிவைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையின் நலனுக்கென்று தனி அறக்கட்டளை எழுதி, உறவுக்குள் ஒருவர், வெளியே நம்பிக்கையான ஒருவர் என்று அறங்காவலர்களை நியமித்து, கட்டணத்தை அவர்கள் செலுத்தும்படி செய்யலாம். அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழியுண்டு. பெயரை இப்போதே பதிவுசெய்யுங்கள்.

பாதுகாவலர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர் மட்டக் குழுவே பாதுகாவலரை நியமிக்கும். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரம் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ சொத்தைச் சுருட்டினாலோ அவரை நீக்கச் சொல்லி உறவினர் விண்ணப்பிக்கலாம். அண்ணன், தங்கைகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை மட்டுமே ஏற்கிறது. அவர் தன்னிச்சையாக எதையும் செய்ய முடியாது. சம்பந்தப்பட்டவரோடு கலந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் உறவினர்தான் போக வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்காரரே நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். கோட்டாட்சியரும் வட்டாட்சியரும் நிர்வாக நடுவர்கள்தாம். ஆளை மீட்கவும் பாதுகாப்பு தரவும் அவர்கள் உத்தரவிடலாம். தன் பொறுப்பில் உள்ளவருக்கு வேண்டுமென்றே சோறு தண்ணீர் தராமல் இருப்பதும் 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். பணத் தகராறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

எந்த இடத்தை முடிவுசெய்தாலும், நீங்கள் திடமாக இருக்கும்போதே வெள்ளோட்டம் பாருங்கள். முதலில் இரண்டு நாள், பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். பிள்ளை திரும்பி வந்ததும் அங்கே என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பேச்சு வராதவர் என்றால் எடை, தூக்கம், தோலில் தழும்பு, புதிதாகக் கொடுத்த மாத்திரை ஆகியவற்றைப் பார்த்துத் தேதியோடு குறித்துவையுங்கள். மறுபடி பையை எடுத்துவைக்கும்போது அவர் முரண்டுபிடித்தால், காரணம் தெரியும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.