பவர்பாயிண்ட்டும் தறி அட்டையும்

என் தங்கை பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காஞ்சிபுரத்தில், நெசவாளர்கள் அதிகம் வாழும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. ஊரில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவளுக்குக் கற்பித்தல் பயிற்சி. பதினோராம் வகுப்பு கணினி அறிவியலில் எண் முறைகள் என்று ஒரு பாடம் உண்டு. 0, 1 என்ற இரண்டே இலக்கங்களை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எப்படி எல்லாவற்றையும் சமாளிக்கிறது என்று சொல்லித் தர வேண்டும். கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து, வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போடும் நாள் அது.

"அண்ணா, பவர்பாயிண்ட்ல கொஞ்சம் அழகா பண்ணிக் குடேன்" என்றாள். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் சும்மா இருப்பானா? அவள் டைப் செய்து வைத்திருந்ததை எடுத்து 42 ஸ்லைடுகள் தயாரித்தேன். எழுத்துகள் பறந்து வரும், சுழன்று நிற்கும். பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்தேன்.

மாலையில் வந்தவள் என்னிடம் பேசவில்லை. அன்றன்றைய வகுப்பைப் பற்றிப் பயிற்சி ஆசிரியர்கள் எழுதி வைக்கும் நோட்டை நீட்டினாள். "முதல் பன்னிரண்டு நிமிடம் நான் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தேன், மாணவர்களைப் பார்க்கவில்லை" என்று தொடங்கியிருந்தாள்.

காரணம் மிகச் சிறியது. அவள் டைப் செய்தது பாமினி எழுத்துருவில். அது யூனிகோட் முறைக்கு முந்தைய வகை. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். பள்ளிக் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. நானும் வீட்டில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பிவிட்டேன். தினமும் இதே வேலை செய்பவன் செய்கிற தவறா இது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தமிழை யூனிகோட் முறையிலேயே டைப் செய்து பழகுங்கள். தமிழக அரசும் 2010ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. விண்டோஸில் நிர்மலா எழுத்துரு கூடவே வருகிறது. வேறு எழுத்துரு வேண்டுமென்றால் பவர்பாயிண்ட்டில் பைல் மெனு சென்று, ஆப்ஷன்ஸ் கிளிக் செய்து, சேவ் என்ற பிரிவில் "எம்பெட் பான்ட்ஸ் இன் த பைல்" என்பதில் டிக் செய்திடவும். சில எழுத்துருக்கள் இதற்கு இடம் தராது. எனவே ஒரு பிடிஎப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

ஆனால் நோட்டில் அவள் வருத்தப்பட்டு எழுதியிருந்தது இதைப் பற்றி அல்ல. திரையை விட்டுவிட்டுக் கரும்பலகையில் 1 0 1 1 என்று எழுதியிருக்கிறாள். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், இது எங்க வீட்டுத் தறி அட்டை மாதிரி இருக்கு" என்றானாம். இழந்த நேரத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இவள், "அதெல்லாம் அப்புறம், உட்காரு" என்று சொல்லிவிட்டாள்.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1804ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய கருவிதான் இன்றும் தறியின் மேல் அவர் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அட்டையில் துளை இருந்தால் அந்த இடத்துக்குரிய பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாவிட்டால் எழும்பாது. துளை 1, துளை இல்லாத இடம் 0. பாபேஜ் 1830களில் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு இதே துளை அட்டையைத்தான் திட்டமிட்டார். 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் முடித்துக் கொடுத்ததும் துளை அட்டைகளால்தான்.

அடுத்த வகுப்புக்குப் பக்கத்து வீட்டில் பழைய அட்டைகள் நாலைந்து வாங்கிப் போனாள். அந்தப் பையனையே முன்னால் அழைத்துப் பேசச் சொன்னாள். ஒரு துளை தவறினால் கரையில் அந்தப் பூ வரும் இடமெல்லாம் அதே பிசகு வரும் என்று அவன் சொல்ல, அதுதான் ஒரு பிட் பிழை என்றாள் இவள். எட்டு இடங்களில் எத்தனை விதமாகத் துளை போடலாம் என்று கேட்டதற்கு, இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போய் 256ல் வந்து நின்றார்கள். பைட் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

புரொஜக்டரை அவள் கைவிட்டுவிடவில்லை. வகுப்பு முழுவதும் ஒரே தறியைச் சுற்றி நிற்க முடியாது. ஜக்கார்டு பெட்டியில் ஊசி நகர்வதும் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துத் திரையில் காட்டினாள். பேச வேண்டிய நேரத்தில் கீபோர்டில் "பி" எழுத்தை அழுத்தினாள். ஸ்லைடு ஷோ ஓடும்போது இதை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மீண்டும் அழுத்தினால் படம் திரும்பி வரும். இது எனக்கே தெரியாது. அவள்தான் சொன்னாள்.

முதல் நாள் மதிப்பெண் போனது போனதுதான். பேராசிரியர் இரண்டாவது வகுப்பைப் பார்க்க வரவில்லை. என் 42 ஸ்லைடுகளில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டாள். பறக்கும் எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை.