ஆவணி வந்தது, ஏலக்காயும் வந்தது!

தீபாவளிக்கு ரவாலாடு பிடிக்கும்போது நாலு ஏலக்காயைத் தட்டிப் போடுகிறோமே, அந்த நாலு காயை நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று யோசித்ததுண்டா? தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஆவணி மாதத்தில் தேனி மாவட்டத்துத் தேவாரம் பக்கம் ஒரு நடை போய் வர வேண்டும்.

பஞ்சாங்கம் ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என்கிறது. தேவாரத்துக்காரர்களுக்கு அது காய்க்காலம்! ஊருக்கு மேற்கே சுவர் எழுப்பினாற்போல் மலை. மலைக்கு மேலே, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், ஏலத் தோட்டங்கள். சாக்குலூத்து மெட்டு வழியாக நேர்ச் சாலை வேண்டுமென்று ஊரார் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு காய் பறிக்கப் போகும் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றித்தான் மலை ஏறுகின்றன.

பறித்த பச்சைக் காய் ஐந்தாறு கிலோ சேர்ந்தால்தான், சூட்டறையில் உலர்த்திய பிறகு ஒரு கிலோ ஏலக்காய் தேறும். அது போடிநாயக்கனூருக்கு வருகிறது. அங்கே ஏலத்துக்கே ஏலம்! 2007 முதல் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் கணினி மூலம் நடக்கிறது. உரிமம் பெற்ற வியாபாரிகள்தான் விலை கேட்கலாம். நீங்களும் நானும் அவர்களிடம்தான் சில்லறையாக வாங்க வேண்டும்.

சரி, மகளிர் குழுக் கடனோ சேமிப்போ கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு இந்தப் பருவத்தில் சிறு வியாபாரம் செய்ய நினைக்கும் பெண்மணி என்ன செய்யலாம்?

முதலில், என்ன செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். "இன்னும் ஏறும்" என்று நம்பி மூட்டையைப் பூட்டி வைக்கக்கூடாது. 2018-ம் ஆண்டு வெள்ளம் தோட்டங்களை அழித்தது. அடுத்த ஆண்டு மழை தாமதித்தது. விளைவு? 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று! அந்த மயக்கத்தில் வாங்கிப் பூட்டியவர்கள் கதி என்ன? இரண்டே ஆண்டில் விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. கடன் மட்டும் இறங்கவில்லை.

ஏலச் செடி ஒரு நல்ல பாடம் சொல்லித் தருகிறது. அது எல்லாக் காயையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவதில்லை. மாதத்துக்கொரு எடுப்பு, சில சமயம் நாற்பது நாளுக்கொரு எடுப்பு என்று தை மாதம் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். நாமும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் 20,000 ரூபாய். காய் கிலோ 2,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பணத்துக்கும் எட்டுக் கிலோ வாங்கி, விலை 500 இறங்கினால் 4,000 ரூபாய் போச்சு! அதற்குப் பதில் 5,000 ரூபாய்க்கு இரண்டே கிலோ வாங்குங்கள். 25 கிராம் பொட்டலமாகப் போட்டால் கிலோவுக்கு நாற்பது பொட்டலம். ஒன்று 80 ரூபாய் என்று விற்றால் கிலோவுக்கு 700 மிச்சம். கழிவு, உறை, பஸ் செலவு என்று 300 போனாலும் 400 நிற்கும். தீபாவளிக்குள் அதே பணம் நான்கு முறை சுற்றி வந்தால் 3,200 ரூபாய் லாபம். மீதி 15,000 பெட்டியில் பத்திரமாக இருக்கும்!

வாங்கும்போது ஒரு காயைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்ததென்றால் உள்ளே விதை கலகலக்கும். ஈரக்காய் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். போடியில் பெண்கள் தரம் பிரிப்பதைப்போல் நீங்களும் பிரியுங்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய் பரிசுப் பெட்டிக்கும் மாலைக்கும் ஆகும். சிறியதும் வெடித்ததும் டீக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் போகட்டும். அங்கே மணம்தான் முக்கியம், அழகு அல்ல. வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். ஆகவே இருட்டான, காற்றுப் புகாத டப்பாதான் சரி. வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றும் யோசனையைக் கனவிலும் நினைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, பொட்டலத்தின் மேல் எடை, தேதி, முகவரி போட்டுவிட்டால் கடைக்காரர் தயங்காமல் வாங்குவார்.

போக்குவரத்துக்கும் இப்போது வசதி. 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூனில் அகலப் பாதையில் திரும்பி வந்திருக்கிறது. போடியில் ஏறினால் மதுரையில் இறங்கலாம்.

புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் தீபாவளி. வாங்குகிறவர்கள் தாமாகவே தேடி வரும் மாதங்கள் இவை. அதற்குப் பிறகும் பெட்டியில் சரக்கு கிடந்தால், சகோதரி, மணம் மட்டும்தான் வீட்டில் வீசும், பணம் வராது!