ஓர் அணு குறைந்த சர்க்கரை

டி.என்.ஏ. என்றதும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கு காரங்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட இரட்டைச் சுருள் அமைப்பில் இவை ஏணியின் படிகள் போல் அமைந்துள்ளன. அப்படிகளைத் தாங்கும் இரு தண்டுகள் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி இணைந்து உருவானவை. மரபுச் செய்தி நெடுங்காலம் அழியாதிருப்பதற்கு இச்சர்க்கரையின் அமைப்பு ஒரு முக்கியக் காரணமாகும்.

இது நாம் உண்ணும் சர்க்கரையன்று. ஐந்து கார்பன் அணுக்களைக் கொண்ட சிறிய மூலக்கூறு. இதன் 1-ஆம் கார்பனில் காரம் இணைகிறது. 3-ஆம், 5-ஆம் கார்பன்கள் வழியே பாஸ்பேட்டுகள் பிணைந்து நீண்ட இழை உருவாகிறது. பீபஸ் லெவீன் என்னும் அறிவியலாளர் 1909-இல் ரைபோசையும், 1929-இல் டிஆக்சிரைபோசையும் நியூக்ளிக் அமிலங்களில் இனங்கண்டார். முன்னது ஆர்.என்.ஏ.வில் உள்ளது, பின்னது டி.என்.ஏ.வில் உள்ளது. ‘ஆக்சிஜன் நீங்கிய ரைபோஸ்’ என்பதே டிஆக்சிரைபோஸ் என்னும் பெயரின் பொருள்.

ஓர் அணுவால் விளையும் வேறுபாடு

ரைபோசின் 2-ஆம் கார்பனில் உள்ள ஆக்சிஜன், அருகிலுள்ள பாஸ்பேட்டைத் தாக்கி இழையைத் துண்டிக்கக் கூடியது. காரத்தன்மை மிகுந்தால் இவ்வினை விரைவுபெறும். டி.என்.ஏ.வில் அந்த ஆக்சிஜன் இல்லாததால் இழை எளிதில் அறுவதில்லை. ஆகவே உயிரணு, நிலையான ஆவணத்தை டி.என்.ஏ.வில் காக்கிறது, அன்றாட ஆணைகளை, பணி முடிந்ததும் அழிந்துவிடும் ஆர்.என்.ஏ. வழியே அனுப்புகிறது.

அரியானாவின் ராக்கிகடியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணொருவரின் எலும்பிலிருந்து பெற்ற டி.என்.ஏ. பற்றிய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. வெப்பம் மிகுந்த மண்ணிலும் அது முற்றாக அழிந்துவிடவில்லை.

தடுப்பூசியும் குளிர்பதன வசதியும்

இவ்வேறுபாடு மக்கள் நல்வாழ்வையும் தொடுகிறது. கோவிட் காலத்தில் முதலில் வந்த ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுள் ஒன்றை உறைநிலைக்குக் கீழ் 70 பாகை செல்சியசை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டியிருந்தது. ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது இதற்கு ஒரு காரணம். சிற்றூர்ச் சுகாதார நிலையங்களில் இத்தகைய குளிரைப் பேணுவது அரிது.

ஆகஸ்ட் 2021-இல் இந்தியா அவசரகாலப் பயன்பாட்டுக்கு அனுமதித்த சைக்கோவ்-டி, மனிதருக்கென உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற டி.என்.ஏ. தடுப்பூசியாகும். இதற்கு 2 முதல் 8 பாகை வரையிலான சாதாரணக் குளிர்பதனமே போதும். ஜூன் 2022-இல் அனுமதி பெற்ற இந்திய ஆர்.என்.ஏ. தடுப்பூசியும், உறையவைத்து உலர்த்தப்பட்டதால் அதே வெப்பநிலையில் வைக்கத்தக்கதாயிற்று. ஈரம் நீங்கினால் இழையைச் சிதைக்கும் வினைகள் தளர்கின்றன.

சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் அணு இருப்பதும் இல்லாததும், தடுப்பூசி எவ்வளவு தொலைவிலுள்ள சிற்றூர்களைக் கெடாமல் சென்றடையும் என்பது வரை விளைவுகளை உண்டாக்குகின்றன. அடிப்படை வேதியியல் அறிவின் பயன் ஆய்வுக்கூடத்துடன் நின்றுவிடுவதில்லை.